அண்டங்காகத்துக்கு எந்தத் திணை

2024 ஒக்டோபர் 14, திங்கட்கிழமை. கோல்டிங். காலை 5.40க்கு எழுந்தேன். வெந்நீர் ஒரு குவளை, இருபது நிமிடம் கை கால் அசைப்பு, பிறகு நாட்குறிப்பு. வெளியே இருட்டு. யன்னலோரத்து வெப்பமானி ஆறு பாகை காட்டியது. தங்கை வாசந்தி 6.30க்கு வேலைக்குப் போனாள். அவள் கணவர் குகன் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து உறங்கிக்கொண்டிருந்தார். 8.10க்குக் கறுப்புப் பாண் இரண்டு துண்டு சாப்பிட்டேன். அதன் மேல் இங்குள்ளவர்கள் ஈரல் விழுது பூசுகிறார்கள். வாசந்தி வீட்டில் கட்டைச் சம்பல் பூசுகிறார்கள். புளிப்பான அந்தப் பாணுக்குச் சம்பல்தான் பொருத்தம் என்று குறித்துக்கொண்டேன்.

நான் டென்மார்க்குக்கு வந்தது சகோதரன் மகளான என் பெறாமகளின் கலியாணத்துக்கு. புரொண்பி என்ற ஊரில் அது நன்றாக முடிந்தது. மீதி நாட்களைக் கோல்டிங்கில் தங்கையோடு கழித்துவிட்டு யாழ்ப்பாணம் திரும்புவதாக ஏற்பாடு. யாழ்ப்பாணத்தில் நான் ஓர் அச்சகத்தில் இருபத்தாறு வருடமாக மெய்ப்புப் பார்க்கிறேன், அதாவது அச்சேறும் முன் பிழை திருத்துகிறேன். பாடப் பயிற்சி நூல்கள், கோயில் மலர்கள், இறந்தவர் நினைவாக அச்சிடும் கல்வெட்டுகள் எல்லாம் என் மேசையைக் கடந்துதான் போகும். வெளிநாடு வந்தும் கண் சும்மா இருக்கவில்லை. கலியாண அழைப்பிதழிலேயே இரண்டு ஒற்றுப்பிழை.

அன்று மாலை ஆறு மணிக்கு விருந்தாளி ஒருவர் சாப்பிட வந்தார். பெயர் நிவி. வயது ஐம்பதுக்கு மேல். வாசந்தியோடு பன்னிரண்டு வருடமாக அதே முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர், கிறீன்லாந்தில் பிறந்தவர். ஓய்வு நேரத்தில் படம் வரைவாராம். இல்லத்துச் சாப்பாட்டறைக்கு அவர் வரைந்த பெரிய படத்தை வியாழக்கிழமை திறக்கப் போகிறார்கள் என்றாள் வாசந்தி. படத்தின் கீழே மாட்டும் பலகையில் டேனிஷ், கிறீன்லாந்து மொழிகளோடு தமிழும் வர வேண்டும். அந்த இல்லத்தில் இப்போது தமிழ் முதியவர்கள் இருவர் இருக்கிறார்கள். தமிழை எழுதித் தரப்போவது யார் என்று வாசந்தி என்னைக் கேட்காமலே முடிவு செய்திருந்தாள்.

நிவி ஒரு கடதாசிப் பையில் கருவாடு கொண்டுவந்திருந்தார். விரல் நீள மீன், முழுதாகக் காய வைத்தது, துளி உப்பும் இல்லை. குகன் ஒன்றைக் கடித்துவிட்டு, "மச்சான், இது கருவாடு இல்லை. கருவாட்டின்ர ஆவி," என்றார். வாசந்தி அதை டேனிஷில் சொல்ல, நிவி வயிறு குலுங்கச் சிரித்தார். இடியப்பம், சொதி, மீன்குழம்பு. நிவி கையால்தான் சாப்பிட்டார். சொதியைப் பிசைவதில் என்னைவிடக் கெட்டி.

இங்கேதான் முதற்பிழை. முந்தின நாள் ரயில் நிலையத்து வாங்கில் மூன்று நாலு பேர் பியர் தகரங்களோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருந்தேன். அவர்கள் கிறீன்லாந்துக்காரர் என்று குகன் சொல்லியிருந்தார். ஒருவருக்கு நம் மொழி தெரியாது என்று நினைக்கும்போது நமக்கு ஒரு குரல் வரும். முகத்தில் சிரிப்பு இருக்கும், கண் சாப்பாட்டுக் கோப்பையில் இருக்கும். அந்தக் குரலில் வாசந்தியிடம் கேட்டேன்:

"அதுகளும் எங்களை மாதிரி அகதியா வந்ததுகளோ? ஸ்டேசனடியில நேற்றுக் குடிச்சுக்கொண்டு இருந்ததுகள்."

வாசந்தியின் கை சட்டியில் நின்றது. நிவி வாயில் இருந்ததை விழுங்கினார். பிறகு தமிழில், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

"அதுகள் இல்லை. அவை."

குகன் மேசையில் அடித்துச் சிரித்தார். "பிடிபட்டியள் மச்சான்! பன்னிரண்டு வருசம் எங்கட ஆக்களின்ர வாயைக் கேட்டுக்கொண்டிருந்தவவுக்கு உது தெரியாதே!"

"அவை ஒருத்தரும் அகதியில்லை, அண்ணை," என்றாள் வாசந்தி. "கிறீன்லாந்து டென்மார்க்கோட சேர்ந்தது. இந்த நாட்டுப் பிரஜையள். எங்களுக்கு எவ்வளவோ முந்தி."

நான் அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் வாயில் வந்தது வேறு. எழுத்துத் தமிழில் 'அவை' என்பதும் அஃறிணைதான் என்று விளக்கினேன். மரங்கள், அவை. நாற்காலிகள், அவை. யாழ்ப்பாணத்துப் பேச்சில் மட்டுமே அது மனிதருக்கு வரும் மரியாதைச் சொல் என்றேன். வாசந்தி இதை மொழிபெயர்க்கவில்லை. "இன்னும் ஒரு இடியப்பம் போடட்டே, நிவி?" என்று மட்டும் கேட்டாள். தமிழில்தான் கேட்டாள். நிவி "ஓம்" என்றார்.

செவ்வாய். மழை. வாசந்தி வேலை இடைவேளையில் தொலைபேசியில் அழைத்தாள். நிவி எழுதிய டேனிஷ் வரிகளைத் தமிழில் சொன்னாள், நான் எழுதிக்கொண்டேன்.

"அண்டங்காகம். அவ பொய் சொன்னவ. அவ இரவல் வாங்கினவ. அவவாலைதான் நான் எங்கட வீட்டிலையே வளந்தனான்."

படத்தின் புகைப்படத்தையும் அனுப்பியிருந்தாள். ஆள் உயரத்துக்கு ஓர் அண்டங்காகம். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தது. ஒரு காலில் தோல் சப்பாத்து, மற்றக் கால் வெறும் நகம். அலகில் பூப்போட்ட யன்னல் திரைச்சீலை தொங்கியது. கிறீன்லாந்தின் பூர்வகுடிகள் சொல்லும் கதைகளில் அண்டங்காகம் ஒரு சுத்துமாத்துக்காரப் பேர்வழி என்றாள் வாசந்தி. புளுகும், களவெடுக்கும், ஏமாற்றும், சில நேரம் தானே அகப்பட்டு நாறும்.

எனக்கு அந்த வரிகளில் ஒரே ஒரு விடயம்தான் கண்ணில் பட்டது. "காகத்துக்கு 'அவ' வராது," என்றேன். "பறவை அஃறிணை. 'அது பொய் சொன்னது' எண்டுதான் வரும்."

"அண்ணை, அவ 'ஹுன்' எண்டு எழுதியிருக்கிறா. 'ஹுன்' எண்டால் பொம்பிளைக்குத்தான். நானா ஒண்டும் போடேல்லை. விடுங்கோ."

"டேனிஷில என்னவும் இருக்கட்டும். தமிழுக்கு ஒரு முறை இருக்கு. என்ர கையெழுத்தில ஒரு காகத்தை 'அவ' எண்டு போட்டு, அது சுவரில தொங்கினா ஆர் சிரிக்கிறது? அதோட, 'அவ' எண்டது பொம்பிளையளுக்கு மரியாதையாச் சொல்லுற பேச்சுச் சொல். அச்சில வராது."

அவளுக்கு இடைவேளை முடிந்துவிட்டது. "உங்கட இஷ்டம்," என்று வைத்துவிட்டாள். எனக்கு உள்ளே ஒரு திருப்தி. முதல் நாள் மாலை மேசையில் இழந்ததை இலக்கணத்தில் மீட்டுக்கொண்டதுபோல. அந்தத் திருப்தியை அன்றைய குறிப்பில் எழுதியும் வைத்திருக்கிறேன், ஆகவே மறுக்க முடியாது. அந்தக் காகம் யார் என்று நான் கேட்கவில்லை என்பதும் அதே குறிப்பில் தெரிகிறது.

சுத்தப் படி இப்படி அமைந்தது: "அண்டங்காகம். அது பொய் சொன்னது. அது இரவல் வாங்கியது. அதனால் நான் எமது வீட்டிலேயே வளர்ந்தேன்."

புதன். பலகை அடிக்கும் கடைக்கு நானே போனேன். தமிழ் எழுத்தைக் கணினி உடைத்துவிடும், கொம்பு ஒரு பக்கமும் மெய் ஒரு பக்கமுமாக நிற்கும், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். பஸ்ஸில் ஏறினேன். பதினெட்டுப் பேர் இருந்தார்கள், ஒரு சத்தம் இல்லை. நம் ஊரில் பதினெட்டுப் பேர் இருந்தால் பதினெட்டுக் கதை இருக்கும், நடத்துநர் பத்தொன்பதாவது. இறங்க வேண்டிய இடம் வந்தபோது எழுந்து வாசலில் நின்றேன். பஸ் நிற்கவில்லை. அடுத்ததிலும் நிற்கவில்லை. நம்மூரில் ஆள் எழுந்தாலே நடத்துநர் மணி அடித்துவிடுவார். இங்கே கம்பத்தில் இருக்கும் சிவப்புப் பொத்தானை நாமே அழுத்த வேண்டும் என்பது கடைசித் தரிப்பிடம் வரை போன பிறகுதான் தெரிந்தது.

சாரதி, நரைத்த தாடிக்காரர், ஆங்கிலத்தில் கேட்டார்: "நீ ஏன் வாசலில் நின்றாய்?"

"இறங்குவதற்கு."

"அதை எனக்குச் சொல்லவில்லையே. நான் கண்ணாடியில் பார்த்து, இவனுக்கு நிற்பதுதான் பிடிக்கும் போல என்று நினைத்தேன்."

தன் கோப்பிக் குடுவையிலிருந்து மூடியில் ஊற்றித் தந்தார். பன்னிரண்டு நிமிடம் இருவரும் கடற்கழியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்பும்போது என் தரிப்பிடத்துக்கு முன்னதாகவே அவர் உரக்க, "இப்போது அழுத்து!" என்றார். பஸ்ஸின் அமைதி அப்போதுதான் கலைந்தது. ஒரு மூதாட்டி கைதட்டினார்.

கடையில் ஒவ்வொரு எழுத்தையும் மூன்று தரம் சரிபார்த்தேன். ஒரு புள்ளி குறையவில்லை, ஒரு கொம்பு பிசகவில்லை. என் வாழ்நாளில் நான் அனுப்பிய மிகச் சுத்தமான மெய்ப்பு அதுதான் என்று எண்ணிக்கொண்டு வீடு வந்தேன்.

வியாழன் பிற்பகல் 2.30க்குத் திறப்பு. சாப்பாட்டறையில் முப்பது பேர் வரை. மேசைதோறும் சிறிய டென்மார்க் கொடி, வெண்ணெய்க் கேக், கோப்பி. படத்தையும் பலகையையும் ஒரு மேசை விரிப்பால் மூடியிருந்தார்கள். தமிழ் முதியவர்களில் ஒருவரான கந்தையா அப்பு முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்தார். எண்பத்தாறு வயது. காது அரைவாசி, கண் முழுசு. "நீர்தானோ வாசந்தியின்ர தமையன்? உம்மட எழுத்தை நான்தான் வாசிக்கப்போறன். கண்ணாடி கூடப் போட மாட்டன், பாரும்," என்றார்.

நிவி எழுந்து டேனிஷில் பேசினார். வாசந்தி என் காதில் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"நான் சின்னப்பிள்ளையா இருக்கேக்க, ஒரு அரசாங்கக் கந்தோரிலை இருந்து ஒரு பொம்பிளை வந்தா. எங்கட வீடு பிள்ளை வளக்கத் தகுதியோ எண்டு பாக்க. தகுதியில்லாட்டிப் பிள்ளையைக் கொண்டுபோவினம். அவ வாற செய்தி எங்கட அம்மாவுக்கு முதல் நாளே தெரிஞ்சுது. எங்கட வீட்டில யன்னல் திரை இல்லை. மணிக்கூடு இல்லை. அம்மா மூண்டு வீட்டில இரவல் வாங்கினா. ஒரு வீட்டில திரை, ஒரு வீட்டில மணிக்கூடு, ஒரு வீட்டில கேக்."

பலரும் சிரித்தார்கள். என் கையில் கோப்பிக் கோப்பை இருந்தது. அதைக் கீழே வைத்தேன்.

"வந்த பொம்பிளை கேக்கைத் திண்டுபோட்டு, நல்லாயிருக்கு, எப்பிடிச் செய்தனீ எண்டு கேட்டா. அம்மாவுக்குக் கேக் செய்யவே தெரியாது. கடல்நாய்க் கொழுப்பை மூண்டு நாள் பனியில புதைக்க வேணும், பிறகு நிலா வெளிச்சத்தில அடிக்க வேணும் எண்டு சொன்னா. வந்தவ முழுக்க எழுதிக்கொண்டு போனா. கேக் செய்யத் தெரிஞ்ச வீடு எண்டு அறிக்கையில போட்டவவாம். என்னை விட்டிட்டினம்."

சிரிப்பு அடங்கும் வரை நிவி காத்திருந்தார்.

"எங்கட கதைகளில அண்டங்காகம் இப்பிடித்தான் ஆக்களை ஏமாத்தும். எங்கட வீட்டில அண்டங்காகம் எங்கட அம்மாதான். இது அவவின்ர படம்."

வாசந்தி மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய், கொஞ்சம் பொறுங்கள், இதைத் திறக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. எட்டு அடி தூரம். நான் எழவில்லை. யாரும் தமிழை வாசிக்காமல் விட்டுவிடுவார்கள் என்று நம்பினேன். இருபத்தாறு வருடத்தில் ஒரு பிழை எவர் கண்ணிலும் படாமல் போகட்டும் என்று நான் வேண்டியது அன்று ஒருநாள்தான்.

விரிப்பு விழுந்தது. கைதட்டல். டேனிஷ் வரிகளை இல்லத்து மேலாளர் வாசித்தார். கிறீன்லாந்து மொழியை நிவியே வாசித்தார். தொண்டையின் ஆழத்திலிருந்து வரும் மொழி. பிறகு கந்தையா அப்புவின் நாற்காலியை முன்னே தள்ளினார்கள்.

"அண்டங்காகம்," என்று பள்ளிக்கூடக் குரலில் தொடங்கினார். "அது பொய் சொன்னது." நிறுத்தினார். "அது இரவல் வாங்கியது." மறுபடி நிறுத்தினார். தலையைத் திருப்பினார். "ஆர் உதை எழுதினது? பெத்த தாய்க்கு ஆரும் 'அது' போடுவினமே?"

தமிழ் தெரியாதவர்கள் நல்ல வரி வந்துவிட்டது என்று நினைத்துப் புன்னகைத்தார்கள்.

நிவி பலகையின் அருகே வந்தார். எழுத்துத் தெரியாது, ஆனால் காதில் விழுந்த ஒலி தெரியும். கந்தையா அப்புவிடம் குனிந்து, மேசையைத் தொட்டு, "அது மேசை," என்றார். கதவைக் காட்டி, "அது கதவு." நிவிக்குத் தமிழை அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பிறகு படத்தைக் காட்டினார். "அது அம்மா?"

அவர் கோபத்தோடு கேட்கவில்லை. பாடம் சரியா என்று கேட்பதுபோலக் கேட்டார். எனக்கு அது இன்னும் கடினமாக இருந்தது.

நான் எழுந்து போனேன். "நிவி, நான்தான். வாசந்தி சரியாச் சொன்னவ. நான்தான் மாத்தினனான்," என்றேன். அதோடு நிற்காமல், திங்கட்கிழமை சாப்பாட்டு மேசையில் சொன்னதுக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். வாசந்தி இந்த முறை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். புதிய பலகை அடித்துத் தருகிறேன், இதை இப்போதே கழற்றிவிடலாம் என்றும் சொன்னேன்.

நிவி யோசித்தார். பிறகு சொன்னதை வாசந்தி கொஞ்சம் சிரிப்போடுதான் சொன்னாள்: "கழற்ற வேண்டாமாம். அதிலேயே திருத்தட்டாம். இப்ப, எல்லாரும் கோப்பி குடிக்கேக்க. காகம் அகப்பட்டால் எல்லாரும் பாக்கத்தானே வேணும் எண்டுறா."

முதியவர்களின் கோப்பைகளில் பெயர் எழுதும் தடித்த நீலப் பேனா ஒன்றை யாரோ கொண்டுவந்தார்கள். கழுவினாலும் போகாத மை. நான் பலகை முன் நின்றேன், பின்னால் முப்பது பேர். முதல் 'அது'வை வெட்டினேன்.

"என்ன போடப்போறீர்?" என்றார் கந்தையா அப்பு.

"அவர்..."

"அவர் எண்டால் எங்கட பேச்சில ஆம்பிளையெல்லோ. அந்த அம்மாவுக்கு மீசையே வைக்கப்போறீர்?"

"அவள் எண்டு..."

"கன்னத்தைப் பொத்தித் தருவன். உம்மட தாயை அப்பிடிச் சொல்லுவீரோ?"

'அவ' என்று எழுதினேன். அச்சில் எத்தனையோ 'அவ'வை வெட்டியிருக்கிறேன். இப்போது என் கையெழுத்தில், நீல மையில், இரண்டு தரம். வினைமுற்றுகளையும் மாற்றினேன்: சொன்னவ, வாங்கினவ.

"கீழையும் பாரும்," என்றார் கிழவர். "அதனாலாம். எதனால?"

அப்போதுதான் அது விளங்கியது. 'அவவாலைதான்' என்று வாசந்தி சொன்னதை நான் 'அதனால்' என்று திருத்தியிருந்தேன். அங்கே அம்மா வெறும் இணைப்புச் சொல்லாகிக் காணாமலே போய்விட்டார். ஓரத்தில் குறி போட்டு 'அவவாலைதான்' என்று எழுதினேன். சுத்தமான அந்தப் பலகை இப்போது கடைநிலை மாணவனின் கொப்பிபோல் இருந்தது. யாரோ கைதட்டத் தொடங்க, நிவி கையைக் காட்டி நிறுத்தினார்.

"உங்கட அம்மாவின்ர பேரையும் போடட்டோ?" என்று கேட்டேன். நான்கு நாளில் அந்தக் கேள்வி அப்போதுதான் வந்தது.

"அக்காகு," என்றார் நிவி.

எழுத்துக்கூட்டி, சரியா என்று இரண்டு தரம் சொல்லிக் காட்டி, 'அண்டங்காகம்' என்ற சொல்லின் அருகே 'அக்காகு' என்று அழகாக எழுதினேன். வாசந்தி அதைப் பார்த்துவிட்டு நிவியிடம் ஏதோ கேட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணை, அது பேர் இல்லை. அவையின்ர பாசையில 'நாளைக்கு' எண்டு அர்த்தம்."

அறை முழுவதும் அந்தச் செய்தி டேனிஷில் பரவச் சில விநாடி எடுத்தது. பிறகு எழுந்த சிரிப்பு எனக்கு உரியதுதான். அதை அழித்துத் தரவா என்று கேட்டேன். இருக்கட்டும், அம்மாவுக்குப் பிடித்திருக்கும் என்றார் நிவி. உண்மையான பெயர் என்ன என்றேன். வெறும் கோப்பைகளை அடுக்கிக்கொண்டே மறுபடியும், "அக்காகு," என்றார். இந்த முறை எனக்கு அர்த்தம் தெரிந்தது.

வீடு திரும்பி, வாசலில் சப்பாத்தைக் கழற்றியபடி வாசந்தி சொன்னாள்: "நீங்கள் போயிடுவியள், அண்ணை. அவவோட வேலை செய்யிறது நான்."

வெள்ளிக்கிழமை காலை 5.40க்கு எழுந்தேன். முதல் வேலையாகக் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கி வாசலில் நின்றேன். காலை வேலைக்கு வாசந்தியை நிவிதான் காரில் ஏற்றிச் செல்வார். 6.20க்கு வெளிச்சம் திருப்பத்தில் தெரிந்தது. கார் நின்றதும் கண்ணாடிப் பக்கம் போய்க் குனிந்தேன்.

"நிவி, நாளைக்கு எண்டு சொன்னீங்கள். நாள் மாறிட்டுது. உங்கட அம்மாவின்ர பேர் என்ன?"

அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார். மாலியாற. அதன் முடிவில் இன்னும் ஓர் ஒலி இருந்தது, உள்நாக்கில் உடைகிற ஒலி. அதற்குத் தமிழில் எழுத்து இல்லை. நான் சொன்னேன். தலையசைத்து மறுத்தார். மறுபடி சொன்னேன். தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

வாசந்தி பையோடு இறங்கி வந்து, "அண்ணை, பிந்துது," என்றாள்.

"பொறு," என்று அவளிடம் தமிழில் சொன்னது நிவி. என்னைப் பார்த்து, "இன்னொருக்கா," என்றார்.